எட்டு எம்.எம்.

மார்ச் 2, ஞாயிறு

திருவிருந்தில் இன்றைக்கும் அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, திராட்சரசப் பாத்திரம் என்னிடம் வருமுன் எழுந்துவிட்டேன். சுந்தரம்மாள் அக்கா கோயில் வாசலில் பிடித்துக்கொண்டார்கள். “என்ன பாக்கியம், உனக்கு மட்டும் ரசமில்லாமலே சாப்பாடு முடிஞ்சிருது?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

எனக்கிருந்த ஹெபடைடிஸ் சி கிருமி மாத்திரையில் போய் ஒரு வருசத்துக்கு மேலாகிறது. இருந்தபோதே அது ரத்தத்தால்தான் ஒட்டும், தட்டு தம்ளரால் ஒட்டாது என்றார் டாக்டர். நானும் தேடிப் படித்தேன். புத்திக்குத் தெரிகிறது. உதட்டுக்குத் தெரியவில்லை.

மார்ச் 4

ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஜனவரி ஸ்கேனுக்கு ஏன் வரலை? கிருமி போனாலும் ஈரலில் தழும்பு இருக்கு, அதில் கட்டி வரலாம், ஆறு மாசத்துக்கு ஒருதரம் பார்த்தே ஆகணும் —

இவரிடம் சொன்னேன். “கிருமி போனதுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாச்சு. மறுபடி போய்ப் பார்த்தா ஆண்டவரைச் சந்தேகப்படுற மாதிரி ஆகாதா?” என்று ஏலக்காய்க் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்கு அது வசதியாகப் போயிற்று. நிஜக் காரணம் வேறே. ஸ்கேன் சென்டர் மேசையில் இருப்பது சுந்தரம்மாள் அக்கா மருமகள் சோனியா. டாக்டர் சீட்டை வாசிப்பாள். எப்படி வந்துச்சு என்பாள். பிரசவத்தில் ஏற்றின ரத்தமாக இருக்கலாம் என்று டாக்டரே ஊகமாகத்தான் சொன்னார். ஊர் வேற மாதிரி ஊகிக்குமே.

மார்ச் 9

வீட்டுக் கணக்கை மறுபடி கூட்டிப் பார்க்காமல் நான் மூடுவதில்லை. அது யாரைச் சந்தேகப்படுறது?

மார்ச் 12

ஸ்கேனுக்குத் தேனிக்குப் போனேன். வெறும் வயிறாகப் போகணும்; ஈஸ்டர் வரைக்கும் லெந்து நாட்கள்தானே, இவரிடம் லெந்து உபவாசம் என்றேன். “வெறும் வயிறா பெரியம்மா?” என்று சோனியா கேட்க, அவளிடமும் “லெந்து உபவாசம்” என்றேன்! உபவாசத்தை முந்தானை மாதிரி முகத்துக்கு இழுத்துக்கிட்டேன். சீ.

சீட்டை வாசித்தாள். “உள்ள போங்க, செயினைக் கழட்ட வேண்டாம்” என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 13

ஈரலில் சின்னதாக ஒரு முடிச்சு. எட்டு மில்லிமீட்டர். இன்னதென்று இப்போது சொல்ல முடியாதாம். மூணு மாசத்தில் மறுபடி பார்க்கணும், வளர்ந்தால் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாமாம்.

இவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். “எட்டா?” என்றார். கடைச் சல்லடையில் எட்டு எம்.எம். ஏலக்காய் நின்றால், முதல் ரகமென்று அன்றைக்கெல்லாம் சந்தோஷமாக இருக்கிற மனுசன். பிறகு, “நான்தான் போகவேண்டாம்னு...” என்றார்.

அவர் இல்லை. நான்தான். வியாதிக்கா பயந்தேன்? சோனியாவுக்கல்லவா பயந்தேன்!

ஜூன் 13

இவரும் வந்தார். அதே எட்டு, வளரலை. “அங்கயே நிக்கட்டும். இது ஒண்ணுல மட்டும் நமக்கு முதல் ரகம் வேண்டாம்” என்றார். மறுபடி செப்டம்பரில்.

ஜூலை 6, ஞாயிறு

திருவிருந்தில் பாத்திரம் வருமுன் எழுந்திருக்கவில்லை. குடித்தேன். போதகர் விளிம்பைத் துடைத்து, எனக்கு அடுத்து மண்டியிட்டிருந்த சுந்தரம்மாள் அக்காவுக்குக் கொடுத்தார். அவர்களும் குடித்தார்கள். ஜெபிக்க மறந்து ஓரக்கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் நானே போய், “அக்கா, செப்டம்பர்ல எனக்கு ஸ்கேன் இருக்கு. கூட்டம் சேர்றதுக்கு முன்னால வெரசா ஒரு நேரம் போட்டுவைக்கச் சொல்லுங்க சோனியாகிட்ட” என்றேன்.

“ஸ்கேனா? எதுக்குடி?”

“ஈரலுக்கு.”

முகமெல்லாம் சுட்டது. ஆனால் குனியவில்லை. செருப்பு எதிரிலேயே கிடந்தது.