கிழக்குச் சன்னலின் கீழே ஓர் இடம்

கில்மோரா
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஓர்லாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் மாடுகளும் சுகம், மழைக்கும் குறைவில்லை. பெர்த் வெயிலில் நீ வாடிவிடாமல் மாதா பார்த்துக்கொள்ளட்டும்.

என் மனசுதான் சுகமில்லை. ஊர்க்கோடியில் கூரை போய் வெறும் சுவராக நிற்கும் பழைய தேவாலயத்தைச் சுத்தம் செய்ய ஒரு குழு கிளம்பியிருக்கிறது, உன் அப்பாதான் முதல் ஆள். நம் வாசலில் ஒரு களை பிடுங்காத மனுஷன் அங்கே கிழக்குச் சன்னலின் கீழ் முழங்காலிட்டுக் கல்லறைக் கல்லைத் தேய்க்கிறார். யார் கல்? எனக்கு முன்னால் அவர் கட்டிய நூலாவுடையது, கல்யாணமான வருஷமே போய்ச் சேர்ந்தவள். செத்தவளோடு போட்டி போட முடியுமா, அவளுக்கு நரைக்காது, இடுப்பு பெருக்காது, அவள் அவித்த உருளைக்கிழங்கு ஒருநாளும் குழைந்திருக்காது.

போன ஞாயிறு பூசை முடிந்து பாதர் சொன்னார், அந்தச் சுவர்களுக்குள் இனிப் புதிதாகத் தோண்டக் கூடாதாம், பழைய குடும்பக் கல்லறைகளில் மட்டும் வைக்கலாமாம், நூலாவுடையதில் இன்னும் ஒருவருக்கு இடமிருக்கிறதாம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டீ ஊற்றும்போது கேட்டேவிட்டேன், "மலாகி, நீ அவகூடவே போய்ப் படுத்துக்கோ, நான் எங்கயாவது ரோட்டோரமாக் கெடக்கறேன்" என்று.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்த எடத்த பிரீடாவுக்குக் குடுத்துட்டேன், அட்ராக்டா. அக்கா பக்கத்துல படுக்கணும்னு கேட்டா. அதுக்குத்தான் சுத்தம் பண்றேன்."

நூலாவின் தங்கை பிரீடா, தனிக்கட்டையாகவே இருந்தவள், நோய் முற்றிக் கிடந்தாளே, அவள் செவ்வாய்க்கிழமை போய்விட்டாள். எங்கள் இருவருக்கும் சுவருக்கு வெளியே சேர்ந்தாற்போல் இடம் சொல்லி வைத்திருக்கிறாராம் அப்பா, சாவுப் பேச்சு எடுத்தால் நான் சண்டைக்கு வருவேன் என்று மறைத்தாராம்.

இன்று அடக்கம், சாண்ட்விச் எல்லாம் நான்தான் செய்துகொண்டு போனேன். உன்னிடம் மறைப்பானேன், மண் தள்ளும்போது அப்பா தொப்பியைக் கழற்றி அழுதார், அந்த அழுகை பிரீடாவுக்கு இல்லை. எனக்கு வயிறு எரிந்தது, கைக்குட்டையை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். திரும்பும்போது அவர் கை சில்லிட்டிருந்தது. இழுத்து என் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன், வீடு வரும்வரை விடவில்லை. அவரும் எடுக்கவில்லை.

புனித பிரிஜிட் உன் வீட்டு வாசலைக் காக்கட்டும், நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும். ஞாயிறு பூசையை விட்டுவிடாதே. போனில் அப்பாவிடம் நூலா பேச்சை மட்டும் எடுக்காதே.

என்றும் உன் அம்மா,
அட்ராக்டா