தனி அடுப்பு

மேல் லயம், கொடகவெல
5.2.2024

அன்புள்ள ஸபியா ராத்தாவுக்கு,

கருப்பாயி எழுதுகிறேன். நான் சுகம், மூன்று மாடுகளும் சுகம். போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள் என்றுதான் எழுதிப் பால் லொறியில் அனுப்புகிறேன். ஐந்தாம் வகுப்பு எழுத்து, பொறுத்து வாசியுங்கள்.

நேற்று என் பேத்தி தனுஜா கட்டிய சாண வாயுத் தொட்டியைப் பார்க்க வந்தீர்கள். சாணத்தைக் கரைத்து ஊற்றினால் குழாய் வழியே வாயு வந்து அடுப்பு நீலமாக எரிவதைக் கண்டு, "அல்லாவே, கரியே இல்லியே!" என்றீர்கள். சும்மா குவித்துப் போட்டால் அந்த மீத்தேன் மேலே போய்ப் பூமியைச் சூடாக்குமாம். "அத நம்ம சட்டிக்குக் கீழ திருப்பிட்டேன் அம்மாயி" என்கிறாள். தோட்டத்து லயத்தில் வீடு வீடாகச் சொல்லியும் எனக்குப் பெருமை அடங்கவில்லை.

ஆனால் அந்த அடுப்பில் நான் போட்ட தேத்தண்ணியை நீங்கள் குடிக்கவில்லை. ஆடை கட்டும்வரை கையில் வைத்திருந்துவிட்டு, "வயிறு சரியில்ல புள்ள" என்றீர்கள். பிறகு பஸ்ஸுக்கு நிற்கும்போது கடையில் வாங்கிக் குடித்ததைத் தனுஜா பார்த்திருக்கிறாள்.

புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டத்தில் தொட்டி கட்டித் தர அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் போகுமுன் மார்ச் மூன்றாம் தேதி இங்கே லயத்து ஆட்களுக்கெல்லாம் சாப்பாடு. நீங்கள் சாப்பிடாவிட்டால் அந்தச் சோறு எனக்கு இறங்காது. உள்ளதைச் சொல்லுங்கள்.

உங்கள் கருப்பாயி

பஜார், கொடகவெல
10.2.2024

அன்பான கருப்பாயிக்கு,

பிடிபட்டுவிட்டேன். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை.

உனக்குச் சாணம் வாசல் தெளிக்கிற சாமான். எங்களுக்கு உடுப்பில் பட்டால் கழுவிவிட்டுத்தான் தொழுகை. சின்ன வயதிலிருந்தே அப்படி. கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனால் அந்தத் தொட்டிதான் கண்ணுக்குள் நிற்கிறது. மகன் பவாஸை விட்டுப் பள்ளிவாசல் ஹஸரத்திடம் கேட்டேன். "நெருப்புத்தானே, உம்மாவ தாராளமாக் குடிக்கச் சொல்லுங்க" என்றாராம். ஆக, மார்க்கம் விட்டுவிட்டது. இந்தப் பாழாய்ப்போன மனசுதான் விடமாட்டேன் என்கிறது.

கோபிக்காதே. உன் பேத்தியிடம் மட்டும் சொல்லாதே.

ஸபியா

மேல் லயம்
14.2.2024

ராத்தா,

சொல்லிவிட்டேன். அவள்தான் பால் லொறியிலிருந்து கடிதத்தை வாங்கி வந்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு நின்றாள், என்ன செய்ய?

கோபம் இருந்தது. புல் அறுக்கப் போனதில் பாதி போய்விட்டது. மறைக்காமல் எழுதினீர்களே, மிச்சம் அதில் போய்விட்டது. உங்களுக்கென்று பின்பக்கம் மூன்று கல் வைத்து விறகு மூட்டுகிறேன். சட்டியும் புதிது வாங்கிவிடலாம். "என் அடுப்பு எரியிறப்ப வெறகா?" என்று தனுஜா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "ஒனக்கு அடுப்பு பெருசு, எனக்கு ராத்தா பெருசு" என்றேன்.

வந்தால் போதும்.

கருப்பாயி

பஜார்
19.2.2024

கருப்பாயி,

விறகு மூட்டாதே.

இந்த பஜாரில் லயத்து ஆட்களுக்கென்று ஒரு கடையில் வேறு கோப்பை தொங்கிய காலத்தில், பால் கொண்டு வந்த நீ என் குசினியில் என் கோப்பையில்தான் தேத்தண்ணி குடித்தாய். இப்போது எனக்குத் தனி அடுப்பா? வாசித்த நேரம் முதல் மனசு கேட்கவில்லை.

பார்த்துக்கொண்டு இருந்தால்தான் அருவருப்பு. நானே அந்த அடுப்பில் சமைக்கிறேன். முட்டை, தேங்காய், கித்துல் கருப்பட்டி எல்லாம் கொண்டு வருகிறேன். வட்டலப்பம் அவிப்போம். முதல் கரண்டி எனக்கு. பாதியில் நெருப்பு நின்றதோ, உன் பேத்தியை விடமாட்டேன்!

உன் ராத்தா

மேல் லயம்
22.2.2024

ராத்தா,

வாங்க. அத்தனை பேருக்கும் சோறாக்கி, அதற்கு மேல் வட்டலப்பமும் அவிய வாயு காணுமா என்று தனுஜா நகத்தைக் கடித்துக்கொண்டு திரிகிறாள். நேற்றிலிருந்து மாடுகளுக்குத் தலைக்கு ஒரு கட்டுப் புல் கூடப் போடுகிறேன். மூன்றும் மறுபேச்சில்லாமல் தின்கின்றன.

கருப்பாயி