டிரெயின் போல்ட்டில் ஒரு சிவப்புக் கோடு

ஜூன் 3

ஏர் ஃபில்டரை மாற்றினேன். பழையதைத் தட்டியதில் ஒரு கைப்பிடி மண். ஷெட்டில் விட்டிருந்தால் இதையே ஊதித் துடைத்து, புதுசு என்று என் தலையில் கட்டியிருப்பான் மெக்கானிக். அதனால்தான் வண்டியை எவன் கையிலும் கொடுப்பதில்லை. ஃபில்டர் பெட்டியின் கிளிப் ஒன்று மட்டும் அடம்பிடித்தது. கட்டைவிரல் வலி வேறு. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பானட்டை மூடிவிட்டேன்.

ஜூன் 4

கிளிப் பூட்டியிருக்கிறது. நான் பூட்டவில்லை!

மகனுக்கு பானட்டைத் திறக்கவே தெரியாது. மிச்சம் மருமகள்தான். ஸ்டியரிங்கைத் தொடவே பயப்படுகிறவளுக்கு என் இன்ஜினில் என்ன வேலை?

"பானட்டைத் திறந்தியாம்மா?"

"இல்லையே அத்தை" என்றாள், நறுக்கிய வெங்காயத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே தலை நரைத்தவள் நான். பக்கத்தில் இருப்பவன் நிஜமாகவே கண்ணாடியைப் பார்த்தானா, பார்த்த மாதிரி தலையை ஆட்டினானா என்று சந்தேகப்பட்டதுதான் என் பிழைப்பு. என்னிடமா இந்த வேலை?

ஜூன் 8

சாப்பிடும்போது மகன் ஆரம்பித்தான். போன வாரம் என் கையிலிருந்து டம்ளர் நழுவியதைப் பார்த்ததிலிருந்தே அவன் முகம் சரியில்லை.

"வண்டிய குடுத்துடலாம்மா. கையில பிடியே இல்ல உனக்கு."

"என் கைக்கு ஒண்ணும் இல்ல. வர்ற வாரம் ஆயில் மாத்துறேன், பாரு."

"சரி, மாத்து. கீழ ஒரு சொட்டு ஒழுகினாலும் அன்னிக்கே வித்துடுவோம். சரியா?"

சரி என்று சொல்லித் தொலைத்தேன். வாய்தான் எனக்கு எதிரி. வண்டி போனால் டாக்டரிடம் போக, தோழியைப் பார்க்க, எல்லாவற்றுக்கும் இவனிடம் கேட்டு நிற்க வேண்டும். அதற்கு என்னால் ஆகாது. மருமகள் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டைப் பார்த்தே சாப்பிட்டாள். பேசாதவர்களைத்தான் நான் நம்புவதில்லை.

ஜூன் 9

ஒரு போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் போதும். சொட்டு தானாக விழும். அவளுக்கு இது தோன்றாமலா இருக்கும்?

ஜூன் 14

ஞாயிற்றுக்கிழமை. இன்ஜினைச் சூடாக்கி, ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, அட்டையை விரித்துக் கீழே படுத்தேன். பழைய ஆயில் கருப்பாக இறங்கியது. புது ஃபில்டரின் ரப்பரில் ஒரு விரல் ஆயில் தடவி மாட்டினேன். ஆயில் இறங்கிய ஓட்டையை அடைக்கும் டிரெயின் போல்ட்டை என் பலம் முழுவதையும் கொடுத்து இறுக்கினேன். புது ஆயில் ஊற்றி, குச்சியை எடுத்துப் பார்த்தேன். அளவு கச்சிதம்.

பிறகு என் வேலையைக் காட்டினேன். மருமகளின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து வந்து (அவளுடையதேதான், வேண்டுமென்றே), போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரே கோடாக இழுத்தேன். தொட்டால் கோடு உடையும். திருடி கையும் களவுமாக மாட்டுவாள்.

ஜூன் 15

காலையில் மகன் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தான். சொட்டு இல்லை. முனகிக்கொண்டே வேலைக்குப் போனான். ஆனால் சுருட்டி வைத்த அட்டை இடம் மாறியிருக்கிறது. மாட்டினாள். நாளை அவள் மார்க்கெட் போனதும் கீழே போய்ப் பார்க்கிறேன்.

ஜூன் 16

பார்த்தேன்.

கோடு உடைந்திருக்கிறது. ஆனால் கழற்றும் பக்கமாக இல்லை. இறுக்கும் பக்கமாக. முழுசாகக் கால் சுற்று.

இறுக்கி வைக்கிற எதிரி எங்கேயாவது உண்டா? ஸ்பேனரை மாட்டி நானே திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. மறுபடியும் பார்த்தேன் — கட்டைவிரல் வழுக்கிக்கொண்டு போகிறது. அப்போ நான் இறுக்கினது இறுக்கினதே இல்லையா? ஒழுகியிருக்கும். கண்டிப்பா ஒழுகியிருக்கும். நடுரோட்டுல நின்னிருப்பேன். வண்டிக்கு அடியிலேயே படுத்து அழுதேன். மனசு ஆறவே இல்லை.

ஜூன் 17

மகன் கிளம்பியதும் கேட்டேன்.

"யாரு உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

எதெல்லாம் என்று அவள் கேட்கவில்லை. "நீங்கதான் அத்தை. வேலை செய்யும்போது சத்தமா சொல்லிக்கிட்டே செய்வீங்களே. சமையல்கட்டு ஜன்னல்ல எல்லாம் கேக்கும்."

"கிளிப்பு?"

"அதுவும்தான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரெண்டு சொட்டு விழுந்திருந்துச்சு. துடைச்சுட்டு, போல்ட்டையும் இறுக்கிட்டேன்."

"அவன்கிட்ட ஏன் சொல்லல?"

கொஞ்ச நேரம் பாத்திரத்தைத் தேய்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்க. வண்டி போயிடுச்சுன்னா நீங்க நாள் முழுக்க வீட்லயே இருப்பீங்களே, அத்தை."

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடியே சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், பயந்துகொண்டேதான். இத்தனை வருஷத்தில் இவள் என்னிடம் பேசிய முதல் உண்மை இதுதான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 20

ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று மூன்று நாளாகத் தோண்டிப் பார்க்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை.

ஜூன் 28

மருமகளும் நானும் பிரேக் ஆயில் மாற்றினோம். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற குட்டி நட்டைத் திறந்து பழைய ஆயிலை வெளியே விட்டு மூட வேண்டும். மூடும் முன் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், பிரேக் பிடிக்காது. இந்த ஒன்றுக்கு மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

ஸ்பேனர் அவளிடம். நான் சீட்டில். அங்கே என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. கழுத்தை நீட்டினாலும் ஒரு முழங்கைதான் தெரிந்தது.

"மிதிங்க... பிடிங்க... இப்ப விடுங்க."

இரண்டு சக்கரம் ஒழுங்காக முடிந்தது. மூன்றாவதில் பொறுமை போய், எட்டிப் பார்க்கலாம் என்று காலை லேசாகத் தளர்த்தினேன்.

"விடச் சொன்னேனா நானு?" என்று கீழேயிருந்து ஒரு அதட்டல். "மறுபடி மொதல்ல இருந்து! நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது."

மிதித்தேன். அவள் சொல்லும் வரைக்கும் எடுக்கவில்லை.