சொல்லாமல் இறங்கி வந்தேன்

ஓபர்மாட்,
ஆகஸ்ட், ஞாயிறு மாலை.

அன்பு மகன் ஆம்ப்ரோஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி சுகம். கனடாவில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். பசுக்கள் மேல் புல்வெளியில் இருக்கின்றன. மழைக்கு முன்பே புல்லை அறுத்துக் காயவைத்துவிட்டோம்.

போன வாரம் தொலைபேசியில் நீ கேட்டுக்கொண்டபடி, வியாழக்கிழமை யூடித்தைப் பார்க்க மலைவிடுதிக்குப் போனேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே இறங்கி வந்துவிட்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் வருவதாக முதல் நாளே விடுதிக்குத் தகவல் அனுப்பியிருந்தேன். நான் பனியாற்றைத் தனியாகக் கடக்கக் கூடாதென்று உன் மனைவி யூடித் இக்கரைக் கல்மேடு வரை இறங்கி வந்து காத்திருந்தாள். "என்ன அத்தே, மருமகளை வேவு பார்க்க வந்தீங்களா?" என்று சிரித்துக்கொண்டே, பாலாடைக்கட்டி இருந்த என் பையைப் பிடுங்கித் தன் முதுகில் போட்டுக்கொண்டாள். குனிந்து என் காலணியில் இரும்பு முட்களை மாட்டிவிட்டாள். இடுப்பில் கயிறு கட்டும்போது, "ரொம்ப இளைச்சுட்டீங்க. அவர் வந்து பார்த்தா என்னைத்தான் திட்டுவார்," என்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் அவள் அந்தக் கயிற்றை அவிழ்த்திருக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வாய் வரவில்லை.

முந்தின இரவு புதுப்பனி விழுந்து வெடிப்புகளையெல்லாம் மூடியிருந்தது. சிகரங்கள் கண் கூசும்படி வெளுத்து நின்றன. அவள் முன்னால் பனிக்கோடரிக் காம்பால் குத்திக் குத்திப் பார்த்துப் போனாள், நான் பின்னால். வழியெல்லாம் உன் பேச்சுதான். உங்கள் அறைக்குப் புது ஜன்னல் போட்டிருக்கிறாளாம். நீ வந்ததும் இருவருமாக விடுதியைப் பூட்டிக்கொண்டு குளிர்காலத்துக்குக் கீழே வருவீர்களாம். பிறகு திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "நிஜமா வர்றாரா அத்தே? எனக்கு ஒரு வரி கூட எழுதலையே."

"டிக்கெட்டுக்கு அலையறான்டி," என்றேன். நீ சொல்லச் சொன்ன பொய் இல்லை அது. நானே சொன்னது.

அந்தப் பொய்யையே நினைத்துக்கொண்டு நடந்ததில் அவள் கால் பதிந்த இடத்தை விட்டு ஓரமாகக் கால் வைத்துவிட்டேன். பனி உள்வாங்கியது. மார்பு வரை இறங்கிவிட்டேன். காலுக்குக் கீழே எதுவும் இல்லை. எங்கோ ஆழத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அவள் கோடரியைப் பனியில் அடித்து அதன் மேலேயே விழுந்து படுத்தாள். "அசையாதீங்க அத்தே. புடிச்சிருக்கேன். விடமாட்டேன்."

மகனே, அப்போது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. இனி அவளிடம் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதி. அதற்குப் பிறகுதான் அவளும் என்னோடு சேர்ந்து இழுபடுவது உறைத்தது. வெட்கத்தில்தான் கையை ஊன்றி மேலே வந்தேன். அவள் என் முகத்தில் அப்பியிருந்த பனியைத் துடைத்துவிட்டு, "பயந்துட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

விடுதியில் பார்லி சூப் கொடுத்தாள். சமையல்காரன் லெயாண்டர் எல்லார் முன்னாலும் கேட்டான்: "ஆம்ப்ரோஸ் அங்க ஏதாவது கரடியைக் கட்டிக்கிட்டானா? இந்தப் பக்கமே காணோம்." மேசையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். யூடித்தும் சிரித்தாள். "கரடியையும் கூட்டிட்டு வரட்டும். இங்க பாத்திரம் தேய்க்க ஆள் இல்ல." நான் கிண்ணத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சாப்பிட்டதும் மறுபடி என்னைக் கட்டி, பனியாற்றைத் தாண்டிக் கூட்டி வந்தாள். கல்மேட்டில் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டியபடி கேட்டாள்: "என்கிட்ட ஏதோ சொல்லத்தானே வந்தீங்க?"

"பாலாடைக்கட்டி கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

சுருட்டிய கயிற்றைத் தோளில் மாட்டினாள். "சரி அத்தே. பாத்துப் போங்க," என்று சொல்லித் திரும்பினாள். எப்போதும் கையசைக்கிறவள், அன்று அசைக்கவில்லை.

அங்கே இருக்கும் அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. உன் குழந்தையைச் சுமக்கிறவள், நல்லபடி பார்த்துக்கொள். ஆனால் யூடித்திடம் சொல்ல இனி என்னை அனுப்பாதே. நீயே வா. செப்டம்பரில் விடுதியைப் பூட்டுவதற்குள் வா. அவள் முகத்தைப் பார்த்துச் சொல். சொல்லிவிட்டு அப்படியே திரும்பிப் போனாலும் போ. என்னைப் பார்க்க வீட்டுக்கு வர வேண்டும் என்றுகூட இல்லை.

பிறக்கப் போகும் குழந்தை ஒரு குறையும் இல்லாமல் பிறக்க வேண்டுமென்று இன்று பூசையில் அதற்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். யூடித்துக்கும் ஒன்று ஏற்றக் கை நீண்டது. எந்த முகத்தோடு என்று மடக்கிக்கொண்டேன்.

கடவுள் உன்னை இங்கே கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அம்மா,
கிரெசென்ஸ்