நடைபாவாடையை மிதிக்காமல் ஒதுங்கிப் போன எயினன் பொருட்டு

அலை வந்து அடிவணங்கும் செங்கழிப்பட்டினத்தில் வீற்றிருந்து புன்னைநாடு காக்கும் வெண்கோதை தேவியார், நுரைத்துறைக் காவலரும் அன்னப்பேடு என்னும் அரச மரக்கலத்தின் தலைவருமாகிய இளந்தித்தனாருக்கு விடுக்கும் ஓலை. உமது துறையில் மீன் பொலிக. உமது பாய்களில் நற்காற்று தங்குக. உம் வீட்டார் நலமே வாழ்க.

நீர் அனுப்பிய முறையீடு கண்டோம். புயலுக்கு அசையாத கடற்சுவரைக் கல் சுமந்து எழுப்பிய எயினனுக்கும், அவன் மனைவி நக்கைக்கும், மகளுக்கும் தீவுகளைச் சுற்றிவரும் இன்பப் பயணம் ஒன்றை நாம் கொடையாக அளித்திருந்தோம். அவர்களோ உமது கலத்தில் தமக்கென ஒதுக்கிய சித்திர அறையை எட்டியும் பாராமல் இகழ்ந்தார்கள் என்றும், விரித்த மெத்தையில் ஒரு சுருக்கமும் விழவில்லை என்றும், அரச கொடையை அவமதித்தவனைத் துறைவேலையிலிருந்து நீக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். அந்த வேலை போனால் எயினன் வீட்டு அடுப்பில் பூனை உறங்கும். ஒருபக்கச் சொல்லை மட்டும் கேட்டு அதைச் செய்ய மனம் வராமல், அவர்களை அவைக்கு அழைத்தோம்.

எயினன் வந்து நின்றான். அறை எப்படி இருந்தது என்று கேட்டதற்குக் குறையொன்றும் இல்லை என்றான். மறுபடி கேட்டோம், அதையே சொன்னான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பவன் அல்லன் அவன். ஆனால் சொல்லும்போது அவன் கழுத்து ஒரு பக்கமாய்ச் சாய்ந்தே இருந்தது. அதைக் கண்ட நக்கைக்குப் பொறுக்கவில்லை. அவள் சொன்னதை மெருகு போடாமல் அப்படியே பொறிக்கச் சொன்னோம்.

“குறை இல்லையாமில்ல! தாயே, இந்த மனுசன் கழுத்தைப் பாருங்க. நிமிர முடியாத பொந்துல குனிஞ்சே கெடந்து கோணிப் போச்சு. கருவாட்டு மூட்டைதான் மெத்தை. மேல பலகை ஒழுகும், கீழ தண்ணி ஊறும். சோத்தை வச்சா எங்களுக்கு முந்தி எலி பந்தியில உக்காரும். புள்ள வாந்தியெடுத்தே துவண்டு போனா. இவரு என்னன்னா, ‘அரண்மனைக் கொடை, வாயை மூடு’ன்னே வந்தாரு. நானும் ஒருநாள் சொல்லிட்டேன், மறைக்க மாட்டேன். இதுதான் மாளிகைன்னா, அரசியம்மா நம்ம குடிசையில வந்து நாலு நாள் இளைப்பாறிட்டுப் போகட்டும்னேன்.”

எயினன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். நாம் சிரித்தோம். அதற்குப் பிறகே அவையோருக்கும் சிரிக்கத் துணிவு வந்தது.

சித்திர அறை மேல்தட்டில் காத்திருக்க, இவர்கள் கலத்தின் வயிற்றுக்குள் எப்படிப் போனார்கள் என்று கேட்டோம். அப்போதுதான் எயினன் வாய் திறந்தான். புறப்பட்ட நாளில் துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு துறைக்கு வந்திருக்கிறான். அங்கே ஏறுபலகையில் வெள்ளை நடைபாவாடை விரித்து, மேளத்தோடும் மாலையோடும் நீர் நின்றிருந்தீர். யாரோ பெரியவர் வரப்போகிறார் என்று எண்ணி, மகள் கால் துணியில் பட்டுவிடாமல் அவளைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி, தான் என்றும் ஏறும் சுமைப்பலகை வழியே ஏறிவிட்டான். கீழறைக் காவலன் தடுத்தபோது, அரசியம்மா அனுப்பினார்கள் என்று சொல்லியிருக்கிறான். அதற்கு அந்தக் காவலன், “இங்க கருவாட்டையும் அரசியம்மாதான் அனுப்பியிருக்காங்க. மூட்டையோட மூட்டையா உள்ள போய்யா” என்றானாம். இவனும் போய்விட்டான்.

நீர் மாலை வாடும்வரை விருந்தினரைத் தேடியிருக்கிறீர். அவர்களோ உம் காலடியிலேயே இருந்திருக்கிறார்கள். உம்மிடம் வஞ்சம் இல்லை என்பதை அறிவோம். ஆனாலும் சுமைப்பலகையில் ஏறியவன் விருந்தாளியாகவும் இருக்கக்கூடும் என்று உமக்குத் தோன்றவில்லை. அது அவனுக்கே தோன்றவில்லை என்பதுதான் எமக்கு உறுத்துகிறது.

என்ன வேண்டும் என்று நக்கையைக் கேட்டோம். மெத்தை கேட்பாள் என்று நினைத்தோம். “கீழ சன்னல் ஏது தாயே? கடல்ல போயும் கடலைப் பாக்காம வந்துட்டேன்” என்றாள்.

ஆகவே நமது ஆணையாவது: எயினனின் துறைவேலை அவனுக்கே நிலைக்கும். அடுத்த நற்காற்றில் அம்மூவரையும் சித்திர அறையில் ஏற்றி, தீவுகளை மறுபடி சுற்றிக் காட்டுவீர். கீழறையின் ஒழுகலை அதற்குள் அடைப்பீர். அங்கே படுக்கும் கலப்பணியாளர்க்கும் முதுகு உண்டு. நடைபாவாடையைச் சுமைப்பலகையிலேயே விரித்து, மாலையோடு அங்கே நிற்பீர்.

இன்னும் ஒன்று. வெள்ளைத் துணியைக் கண்டால் எயினன் மறுபடியும் ஒதுங்குவான். அவனை யாம் அறிவோம். ஆதலால் அவன் வருமுன் நீரே துறைச்சேற்றில் இறங்கி, அந்தக் காலோடு அதன்மேல் ஒருமுறை நடந்து வைப்பீராக.

இது எம் சொல்; புன்னைமலர் இலச்சினை இதற்குச் சாட்சி. கடல் உள்ளளவும் இவ்வாணை நிற்க.