மூடிய உருளையில் ஒரு சூடக்கட்டி

ஜூலை 9, 2025

நாற்பதாவது நாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஷெட், அதற்குள் காற்றுப் புகாத இரும்பு உருளை, அதற்குள் நாங்கள் மூன்று பேர். சுதா கீரை வளர்க்கிறாள். தங்கராஜ் பம்பு, குழாய் பார்க்கிறான். காற்று என் பொறுப்பு. விண்வெளியில் வாழ்வதற்கான ஒத்திகை இது. நூறு நாள் கதவு திறக்காமல் தாக்குப்பிடித்தால் மூவருக்கும் அடுத்த ஒரு வருடச் சோதனையில் இடம்.

காலையில் தங்கராஜிடம் கத்தினேன். முட்டி வலி என்று தைலம் தடவியிருக்கிறான். நெடி மூன்று பேர் மூக்கிலும் ஏறுகிறது.

"இதுக்கா இந்த ஆட்டம் ஆடுறே ப்ரியாக்கா? செவ்வாய்க்குப் போயி மண்ணையும் காத்தையும் சரி பண்ணிக்கினா எவன் கேக்கப் போறான்?"

"அதுக்கு ஆயிரம் வருஷம் ஆகும். அதுவரைக்கும் எங்க நின்னு தைலம் தடவுவே?"

சுதா சிரித்துவிட்டாள். எனக்கு இதில் சந்தேகமே கிடையாது. ஒரு கிரகத்தையே நமக்காக மாற்றுவது பேராசை. விண்வெளியில் குடில் கட்டி, காற்றை அளந்து வாழ்வதுதான் நடக்கிற காரியம்.

ஜூலை 17

அப்பா போய்விட்டார்.

ஜூலை 18

தம்பி ஜீவா போனில், "நீ வர்றியா இல்லியா? அத்த மட்டும் சொல்லு" என்றான். எங்கள் வீடு இருக்கிற திருமுல்லைவாயில் இங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான். ஆனால் கதவைத் திறந்தால் மூவருக்கும் சோதனை முடிந்தது. "போங்கக்கா" என்றாள் சுதா. அவள் முகத்தைப் பார்த்தேன். வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும் திரையில் பார்த்தேன். அப்பாவைத் தூக்கும்போது ஜீவா போனை எங்கோ வைத்துவிட்டான். வெறும் வானம்தான் தெரிந்தது. நான் என்ன பொண்ணு?

ஆகஸ்ட் 1

அப்பாவுக்குக் கருமாதி. ஜீவா குளக்கரையில் சூடம் ஏற்றுகிற நேரத்தில் நானும் இங்கே ஏற்றினேன். அம்மா என் துணி மடிப்பில் ஒளித்து அனுப்பிய ஒரே ஒரு கட்டி. முதல் நாளே ஒப்படைத்திருக்க வேண்டும். மனம் வரவில்லை. மின் அடுப்பில் காட்டிப் பற்றவைத்தேன். ஒரு நிமிஷம்கூட எரியவில்லை, அலாரம் அடித்துவிட்டது.

தங்கராஜ் ஓடி வந்தான். கரி படிந்த தட்டைப் பார்த்தான்.

"சப்பாத்தி தீஞ்சிச்சுன்னு எழுதிடுக்கா. எவனும் கேக்க மாட்டான்."

பதிவேட்டில் அப்படியே எழுதினேன். தைலத்துக்குக் கத்திய நான்!

ஆகஸ்ட் 2

வாசனை போகவே இல்லை. எங்கே போகும்? வீடாக இருந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டால் தீர்ந்தது. இங்கே என் துக்கத்தை மூன்று பேரும் சுவாசிக்கிறோம். சுதாவுக்கு இருமல்.

ஆகஸ்ட் 3

விடிந்ததிலிருந்து சுதாவுக்கு இழுப்பு. சின்ன வயதில் இருந்ததாம். வெளியிலிருந்து டாக்டர், "என்ன புகை அது? சரியா சொல்லுங்க" என்று கேட்டார். சுதா என்னைப் பார்த்துக்கொண்டே, "சப்பாத்திதான் சார்" என்றாள். மூச்சு விட முடியாமல் எனக்காகப் பொய் சொல்கிறாள், பைத்தியக்காரி!

"சூடம். நான்தான் ஏத்தினேன். கதவைத் திறங்க" என்றேன்.

ஆகஸ்ட் 20

சுதாவுக்குச் சரியாகிவிட்டது. தவறு என்னுடையது மட்டும்தான் என்று எழுதிக் கொடுத்தேன். இனி என்னை உள்ளே விட மாட்டார்கள். நியாயம்தான். தங்கராஜ் போன் செய்தான். "ஊட்ல காத்து நல்லா கீதுல்ல ப்ரியாக்கா?" அவ்வளவுதான் கேட்டான். வாய்விட்டு அழுதேன்.

நவம்பர் 10

இன்று சுதாவும் தங்கராஜும் மறுபடி உள்ளே போனார்கள், புதிதாக ஒருவருடன். நானே உண்மையைச் சொன்னதற்காக எனக்கு வெளியில் ஒரு மேஜை கொடுத்திருக்கிறார்கள். இங்கிருந்து அவர்கள் காற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குடில்தான் நடக்கிற காரியம் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் விதிகளில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி அதிகாரியிடம் சண்டை போட்டேன். உள்ளே இருப்பவர் வீட்டில் சாவு விழுந்தால், 'வர்றியா இல்லியா' என்று அவரைக் கேட்கக் கூடாது. வெளியில் இருப்பவர் கதவைத் திறந்துவிட வேண்டும்.

"நாளைக்கு விண்வெளிக்குப் போனப்புறம் கதவைத் திறந்து எங்கேம்மா போவாங்க?" என்றார்.



"அம்பத்தூர்ல இருக்கிற வரைக்குமாவது சார்" என்றேன்.

எழுதிக்கொண்டார்.