உன் பெயரில் வாசித்த கட்டுரை

என் கலைக்கு,

நம் துறையில் உன் நாற்காலியில் இன்னும் யாரும் உட்காரவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் உட்கார்ந்துவிட்டார்கள். இந்த வருடம் ஆய்வுக்குச் சேர்ந்த பெண். ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் இடம் அது ஒன்றுதான் என்பதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். அவள் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் திரும்பாமலேயே வேலை பார்க்கப் பழகிக்கொண்டேன்.

என் நாட்கள் நீ பார்த்த மாதிரியேதான் போகின்றன. அன்னவாசலிலிருந்து காலை பஸ்ஸில் நின்றுகொண்டே புதுக்கோட்டை வருகிறேன். நம் நெறியாளர் சாருக்கு வினாத்தாள் டைப் செய்து கொடுக்கிறேன், பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்கிறேன். மிச்ச நேரத்தில் என் ஆய்வேட்டைத் திறந்து, முந்தின நாள் எழுதியதை அழிக்கிறேன். பஸ்ஸில் சொந்தக்காரர்கள் யாராவது பார்த்துவிட்டால், "வரலாறு படிச்சு என்னாத்தா பண்ணப் போற? இன்னுமா முடியல?" என்கிறார்கள். முன்பு இதை உன்னிடம் வந்து சொன்னால், "பெயிலாயிட்டேன், அதான் திரும்பப் படிக்கிறேன்னு சொல்லுங்கக்கா" என்பாய். இப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

வெறும் காய்ச்சல் என்றுதானே லீவு சொன்னாய்? "திங்கக்கெழம வந்துருவேன்க்கா" என்று போனில் சொன்ன குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை நாங்கள்தான் துறையோடு மாலை வாங்கிக்கொண்டு கிளம்பித் திருவரங்குளத்துக்கு உன் வீட்டுக்கு வந்தோம்.

உனக்குத் தெரிய வேண்டிய விஷயம் ஒன்று நடந்திருக்கிறது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களைப் பற்றி உன் ஆய்வேட்டுக்கு ஓர் இயல் எழுதி முடித்திருந்தாய் அல்லவா, அதைப் பற்றித்தான். ஒற்றுப்பிழை பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தாய். சாரிடமும் ஒரு பிரதி இருந்தது.

போன மாதம் சார் என்னைக் கூப்பிட்டார். திருச்சியில் ஒரு கருத்தரங்கு, அதற்குக் கட்டுரை அனுப்ப வேண்டும் என்றார். உன் இயலை மேசையில் எடுத்து வைத்தார்.

"இதக் கொஞ்சம் சுருக்கிக் கொடும்மா. என் பேரும் உன் பேரும் போட்டு அனுப்பிருவோம்."

"கலை பேரு, சார்?"

"அடியில நன்றின்னு ஒரு வரி போட்டுக்கலாம். செத்துப்போனவங்க பேர்ல பேப்பர் வந்து யாருக்கும்மா பிரயோஜனம்? உனக்கு ஒரு பப்ளிகேஷன் ஆகும். அந்தப் புள்ள பட்ட பாடும் வீணாகாது."

அவரைக் கெட்டவர் என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னைச் சேர்த்துக்கொள்ள மற்றவர்கள் யோசித்தபோது, இந்தப் பெண் எழுதுவாள் என்று சொன்னவர் அவர்தான். உன்னை எடுத்துப் போன அன்று, வெயிலில் கடைசிவரை நின்றவரும் அவர்தான். அவர் கையெழுத்துப் போடாமல் என் ஆய்வு ஓர் அடி நகராது என்பதும் உனக்குத் தெரியும். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். கட்டுரையைப் பற்றிப் பேசத்தான் போனேன், ஆனால் பேச்சை எப்படி எடுப்பதென்று தெரியவில்லை. அம்மா காபி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்கள்.

"ரேசன் கார்டுல அவ பேர எடுக்கணும்னு சொன்னாங்கத்தா. நேத்துதான் போய் எடுத்துட்டு வந்தேன்" என்றார்கள். பிறகு என் தம்ளரை வாங்கிக்கொண்டே, "அவ எழுதுனதெல்லாம் அங்கிட்டுதான இருக்கு? அதுல பேரு இருக்கும்ல?" என்று கேட்டார்கள்.

"இருக்கும்மா" என்றேன். அதற்கு மேல் எனக்கு யோசிக்க என்ன இருந்தது, கலை?

மறுநாள் சாரிடம் போய், கட்டுரை உன் பெயரில் மட்டும் போகட்டும், நான் வாசிக்க மட்டும் செய்கிறேன் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உன் இஷ்டம்" என்றார். அவர் சம்மதம் அதில் இல்லை என்பது புரிந்தது. புரிந்தும் அனுப்பினேன். கருத்தரங்குக்காரர்கள் போன் செய்து, பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்று போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், பெயரை மட்டும் போடுங்கள் என்றேன்.

வாசித்தேன். மகள் கல்யாணத்துக்கு மருதாணி வைத்தால்கூடக் முந்திரிக்கொட்டைத் தோலின் பால் பட்டுக் கறுத்த கையில் தெரியாது என்று அந்தப் பெண்கள் சொல்லிவிட்டுச் சிரித்ததை எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் பின்வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் தலை தூக்கினார்கள். முடிந்ததும் ஒரு பேராசிரியை எழுந்து, "அவங்க ஏன் சிரிச்சாங்க? அதுக்குக் கட்டுரையில விளக்கம் இல்லையே" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை, கலை. எழுதியவளுக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னேன். அந்த மேடையில் நின்றபோதுதான் நீ இல்லை என்பது எனக்கு முழுதாக உறைத்தது. உன் வீட்டில், உன் முகத்தைப் பார்த்தபோதுகூட அப்படி உறைக்கவில்லை.

இப்போது சார் என்னுடன் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுகிறார். நான் கொடுத்த ஆய்வுச் சுருக்கம் அவர் மேசையில் அப்படியே இருக்கிறது. கேட்டால், "பாக்கலாம்மா" என்கிறார். நெறியாளரை மாற்றிக்கொள் என்கிறார்கள் சிலர். இத்தனை வருடத்துக்குப் பிறகு யார் என்னை எடுப்பார்கள்? வீட்டில் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சில நாள் காலையில் பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டு, திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றுகிறது.

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. இதை உனக்காகத்தான் செய்தேனா? வருடக்கணக்கில் சாரிடம் சொல்லாமல் விழுங்கியதையெல்லாம் உன் பெயரை வைத்துச் சொல்லிவிட்டேனா? நீ இருந்திருந்தால், "விடுங்கக்கா, உங்க பேரையும் போட்டுக்கங்க" என்று சொல்லியிருப்பாய் என்றும் ஒரு சந்தேகம் இருக்கிறது. யாரிடம் கேட்பது?

ஆனால் அதைத் திருப்பிச் செய்யச் சொன்னால், மறுபடியும் இப்படித்தான் செய்வேன். அது மட்டும் தெரிகிறது.

அடுத்த வாரம் கந்தர்வக்கோட்டை போகிறேன். நீ பேசிய பெண்களைத் தேடிப் பிடித்து, உன் கட்டுரையை அவர்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று கேட்பேன். சொன்னால் சொல்லட்டும், மறுபடி சிரித்தாலும் சிரிக்கட்டும். சார் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் என் ஆய்வேட்டை எழுதி முடிப்பேன். அதில் உன்னை மேற்கோள் காட்டும் ஒவ்வோர் இடத்திலும் உன் பெயரை முழுதாக எழுதுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

கூடப் பிறக்காவிட்டாலும்,
உன் அக்கா,
மீனா